டெரெக் பூகார்ட்: கோலே போடாத ஆளுக்கு அவ்ளோ கைதட்டு எதுக்கு?

#1 மினசோட்டா மாறன்

நேத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான், பாத்ததுல இருந்து மனசே சரியில்ல, அதான் எழுதுறேன். நியூயார்க் ரேஞ்சர்ஸ்ல மேட் ரெம்பேன்னு ஒரு நெட்டப் பையன், 2024 பிப்ரவரி 18தான் அவனுக்கு என்எச்எல்ல, அதாவது வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்ல, முதல் மேட்ச், ஆட்டம் ஆரம்பிச்ச அடுத்த நொடியே கிளவுஸ கழட்டிப் போட்டுட்டு குத்துச்சண்டை, ஸ்டேடியமே எழுந்து நின்னு கத்துது. எனக்கு டெரெக் பூகார்ட் ஞாபகம் வந்துடுச்சு, சண்டைக்குன்னே டீம்ல இருந்த ஐஸ் ஹாக்கி ப்ளேயர்.

நான் 2008ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால் பக்கம் வேலைக்கு வந்தவன். ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கெட் மிச்சம் இருக்கு வான்னு கூட்டிட்டுப் போனாரு, நான் பாத்த முதல் ஐஸ் ஹாக்கி அதுதான், மினசோட்டா வைல்ட் டீம். ரூல் ஒண்ணும் புரியல, பக், அதாவது பந்துக்குப் பதிலா அடிக்கிற வட்டு, எங்க போகுதுன்னே கண்ணுக்குத் தெரியல. ஆனா 24ம் நம்பர் ஜெர்சி போட்ட ஒரு ஆளு பெஞ்சுல இருந்து எழுந்து தடுப்ப தாண்டி ஐஸ்ல கால வச்சதும் அந்த அரங்கத்துல வந்த சத்தம் இருக்கே, கோல் விழுந்தப்ப கூட அந்தச் சத்தம் வரல. எனக்கு முன் சீட்ல ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசுக்கு மேல இருக்காது, அதே 24 ஜெர்சி முழங்கால் வரைக்கும் தொங்குது, சீட் மேல ஏறி நின்னு தொண்டை கிழிய கத்துறா. அவங்க அப்பா சிரிச்சுக்கிட்டே அவ காலப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. நானும் கத்துனேன், எதுக்குன்னு தெரியாமலே.

அந்த 24ம் நம்பர்தான் பூகார்ட். அவரு பட்டப்பேரு பூகிமேன், நம்ம ஊர்ல பூச்சாண்டின்னு சொல்லுவோமே அதேதான். ஆறரை அடிக்கு மேல உயரம், 120 கிலோ. என்எச்எல்ல மொத்தம் 277 மேட்ச் ஆடி போட்ட கோல் வெறும் 3. தண்டனையா பெனால்டி பாக்ஸ்ல உக்காந்தது 589 நிமிஷம், அதாவது பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. 2011 மே 13, மினியாபொலிஸ்ல அவரோட அபார்ட்மென்ட்ல இறந்து கிடந்தாரு. வயசு 28. ஆக்சிகோடோன்ங்கிற கடுமையான வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து, தெரியாம நடந்த சாவுன்னு ரிப்போர்ட். அன்னிக்கு கத்துன கூட்டத்துல நானும் ஒருத்தன்கிறது இன்னும் உறுத்துது.

#2 பனிச்சறுக்கு

அண்ணா எனக்கு ஒரு பேசிக் டவுட். ஃபுட்பால்ல ஒருத்தன தள்ளுனாலே ரெட் கார்டு. இதுல மட்டும் எப்படி சண்டைய விடுறாங்க? ரெஃப்ரி சுத்தி நின்னு வேடிக்கை பாக்குறாரே, அது ரூல்லயே இருக்கா?

#3 மினசோட்டா மாறன்

ரூல்லயே இருக்கு தம்பி. ரெண்டு பேரும் சண்டை போட்டா ஆளுக்கு 5 நிமிஷம் பெனால்டி பாக்ஸ்ல உக்காரணும், முடிஞ்சா திரும்பி வந்து ஆடலாம், அவ்ளோதான். ஒருத்தர் கீழ விழுற வரைக்கும் லைன்ஸ்மேன் பெரும்பாலும் உள்ள புக மாட்டாங்க. அதனாலதான் என்ஃபோர்சர்னு ஒரு வேலையே உருவாச்சு. நம்ம டீம் ஸ்டார் ப்ளேயர எவனாவது மோசமா இடிச்சா இவரு போய் பதில் குடுக்கணும். வைல்ட்ல மரியன் காபோரிக்னு ஒரு அருமையான ப்ளேயர் இருந்தாரு, பூகார்ட் பெஞ்சுல இருக்காருன்னா அவரத் தொட யோசிப்பாங்க. ஒரு மேட்ச்ல சில நிமிஷந்தான் ஐஸ்ல இருப்பாரு, சில நாள் அதுவும் இல்ல. ஆனா அந்தச் சில நிமிஷத்துக்காக முந்தின நாள் ராத்திரி முழுக்க தூக்கம் வராது, ஏன்னா எதிர் டீம்லயும் இதே வேலைக்கு ஒருத்தன் இருப்பான், நாளைக்கு அவன் கூட மோதணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். என்ஃபோர்சரா இருந்தவங்க நெறைய பேரு பின்னாடி சொன்னது இதத்தான், அடிய விட அந்த முந்தின ராத்திரிதான் கொடுமைன்னு.

#4 ஸ்காபரோ அப்பா

மாறன், நல்ல இழை தொடங்கியிருக்கிறீர். நான் ரொறன்ரோவில இருபது வருசத்துக்கு மேல. என்ர மகன் ஹொக்கி விளையாடுறவன், அதால எனக்கு உந்தக் கதை வேற மாதிரிப் படுது.

பூகார்ட் கனடாவில சஸ்காச்சுவான் மாகாணத்துப் பெடியன். தகப்பன் ஆர்சிஎம்பி எண்ட கனடா மத்திய பொலிஸ், அதால சின்னச் சின்ன ஊர் ஊரா மாறி மாறிப் போயிருக்கினம். எங்க போனாலும் வகுப்பிலயே பெரிய உருவம், பொலிஸ்காரன்ர மகன், படிப்பும் பெருசா ஓடேல்ல, எந்தப் பள்ளிக்கூடத்திலயும் ஆள் புதுசு. அவனுக்கு ஒட்டின ஒரே இடம் ஹொக்கி விளையாடுற ஐஸ் ரிங்க் தான். மெல்ஃபோர்ட் எண்ட ஊரில பதினஞ்சு வயசில ஒரு மாச், இவனுக்குக் கோவம் தலைக்கேறி எதிர் ரீம்ர பெஞ்சுக்குள்ளயே புகுந்து கைய வீசியிருக்கிறான், அந்தப் பெடியள் எல்லாம் சிதறி ஓடியிருக்கிறாங்கள். அண்டைக்கு அங்க ரெஜைனா பட்ஸ் ரீமுக்கு ஆள் பாக்க வந்தவை இருந்திருக்கினம். ஒரு அப்பனா நான் என்ன நினைப்பன், இந்தப் பெடியனுக்கு என்னமோ கஷ்டம், கூப்பிட்டுக் கதைக்க வேணும் எண்டு நினைப்பன். அவை நினைச்சது என்ன தெரியுமோ, இவனைப் பட்டியல்ல சேர்ப்பம் எண்டு. அண்டைக்கே அவன்ர வாழ்க்கை தீர்மானமாயிட்டுது.

#5 நேர்பட_பேசு

கோவிச்சுக்காதீங்க, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. 2010 ஜூலைல ரேஞ்சர்ஸ் அவருக்கு 4 வருஷத்துக்கு 65 லட்சம் டாலர் காண்ட்ராக்ட் குடுத்துச்சு. யாரும் கட்டாயப்படுத்தி ஐஸ்ல இறக்கல. சண்டை போட்டாத்தான் சம்பளம்னு தெரிஞ்சுதான் வந்தாரு, குழந்தைங்களுக்கு சண்டை போட கத்துக்குடுக்குற கேம்ப் கூட தம்பியோட சேர்ந்து நடத்துனாரு. மாத்திரைய டாக்டர் குடுத்தது ஒரு பக்கம், வெளில காசு குடுத்து வாங்குனதும் உண்டுதானே. இறந்தவர குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, ஆனா எல்லா பழியையும் லீக் மேல போட்டுட்டா அவரோட பொறுப்புன்னு ஒண்ணு இல்லாமலே போயிடுமே? சுரங்கத்துல, கட்டடத்துல இதவிட ஆபத்தான வேலைய இதுல நூத்துல ஒரு பங்கு கூலிக்கு செய்றவங்க இருக்காங்க.

#6 மினசோட்டா மாறன்

கோவமெல்லாம் இல்ல சார், கேக்க வேண்டிய கேள்விதான். அவரு வெளில மாத்திரை வாங்குனது உண்மை, நான் மறைக்கல. ஆனா அந்த மாத்திரை முதல்ல எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜான் பிரான்ச் 2012 ஜூன்ல விலாவாரியா எழுதுனாரு. 2008 அக்டோபர்ல இருந்து 2009 ஏப்ரல் வரைக்கும், ஒரே சீசன், 25 பிரிஸ்கிரிப்ஷன், 622 மாத்திரை, எழுதிக்குடுத்தது 10 டாக்டருங்க, அதுல 8 பேரு டீமோட டாக்டருங்க. அந்த சீசன்ல அவரு ஆடுனதே 51 மேட்ச் சார். ஒருத்தர் எழுதுறது அடுத்தவருக்குத் தெரியுமா, கூட்டிப் பாத்தாங்களா, யாராவது ஒருத்தராவது உக்கார வச்சு பேசுனாங்களா? கேட்டா ஆளு சிரிச்சுக்கிட்டே வருவாரு, முதுகு வலின்னுவாரு, குடுத்துருவாங்க.

இன்னொண்ணு, அவரு கைய பத்தி யாரும் பேசுறதில்ல. எதிராளி ஹெல்மெட் போட்டுருப்பான், நீங்க வெறும் கையால அந்த ஹெல்மெட்லதான் குத்துறீங்க. விரல் முட்டியில இருக்குற தோல் பின்னாடி வழண்டு போயிடும். தையல் போட்டு, வீங்குன கைய ஐஸ் வாளில முக்கி வச்சு, ரெண்டு நாள்ல திரும்ப அதே கையில கிளவுஸ் மாட்டணும். முதுகுல வலி, தோள்ல ஆபரேஷன், மூக்கு எத்தனை தடவ உடைஞ்சுதுன்னு கணக்கே இல்ல. டீமுங்க புதுப் பசங்கள வரிசையா எடுக்குற 2001 டிராஃப்ட்ல 202வது ஆளா எடுத்தாங்க, அந்த நம்பர்ல வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க என்எச்எல் ஐஸையே மிதிக்க மாட்டாங்க. வலிக்குதுன்னு சொன்னா அடுத்த நாள் அதே அளவு உருவத்துல வேற ஒருத்தன் கீழ் லீக்ல இருந்து வந்துருவான், அது அவருக்கு நல்லாத் தெரியும். அந்த நிலைமைல அவரா தேர்ந்தெடுத்ததுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

#7 இரவுப்பணி

நான் ரொறன்ரோவில நேர்ஸ், கூடுதலா நைற் டியூட்டி. உந்த மாத்திரையைப் பற்றி ஒருக்கா சொல்ல வேணும். ஆக்சிகோடோன் முதல் முதல் எடுக்கேக்க வலி மட்டும் போறதில்ல, மனசில இருக்கிற பாரமும் சேர்ந்து போகும், அதுதான் அதில இருக்கிற பயங்கரம். பிறகு உடம்பு பழகீடும், அதே அளவு காணாது. விடப் பாத்தா காய்ச்சல் மாதிரி நடுக்கம், வாந்தி, நித்திரை இல்லை, அதால வலிக்கு எடுத்த ஆள் பிறகு அந்த நடுக்கத்துக்குப் பயந்தே எடுக்கும். கொஞ்சக் காலம் விட்டிட்டு திரும்ப பழைய அளவுக்குப் போறதுதான் ஆகலும் ஆபத்து, உடம்பு அதுக்கிடையில பழக்கத்தை மறந்திருக்கும். குடியும் சேர்ந்தா மூச்சு மெல்ல மெல்லக் குறைஞ்சு நிண்டுடும், பக்கத்து அறையில ஆள் இருந்தாலும் தெரியாது. மறுவாழ்வு நிலையத்தில இருந்து லீவில வெளிய வந்த உடனதான் பூகார்ட் செத்தவர் எண்டு வாசிச்சன், எனக்கு அது அதிசயமாத் தெரியேல்ல.

என்ர சொந்தத்தில ஒரு அண்ணா, வேலையிடத்தில பெட்டி தூக்கேக்க முதுகு பிடிச்சு, இதே மாத்திரை குடுத்து, ரெண்டு மாசத்துக்கு எண்டு சொன்னது ரெண்டு வருசமாப் போச்சுது. அவர் கெட்ட ஆள் இல்லை, கோயில் தேர் இழுக்க முதல் ஆளா நிக்கிறவர். ஒருநாள் என்ர பேர்ஸில காசு காணேல்ல. நான் நேர்ஸாய் இருந்தும் என்ர கண்ணுக்கு முன்னால நடந்தது எனக்கு விளங்கேல்ல. இப்ப சுகமா இருக்கிறார், கடவுள் புண்ணியம். நேர்பட_பேசு தம்பி, பொறுப்பு எண்டு நீங்கள் சொல்லுறது சரி, ஆனா அந்த மாத்திரை முதல் எடுக்கிறதே அந்தப் பொறுப்பு எண்ட சாமானைத்தான்.

#8 நேர்பட_பேசு

அக்கா, நீங்க சொன்னது யோசிக்க வைக்குது. மறுவாழ்வு மையத்துல இருந்து லீவுல வந்தப்பன்னு எனக்குத் தெரியாது. அப்போ லீக்குக்கு அவரு அடிமையானது முன்னாடியே தெரியுமா?

#9 மினசோட்டா மாறன்

தெரியும் சார். 2009 செப்டம்பர்லயே ஒரு தடவ கலிபோர்னியால ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புனாங்க. வெளில எங்களுக்குச் சொன்னது தலையில அடிபட்டிருக்கு, ரெஸ்ட்டுன்னு. நாங்களும் சீக்கிரம் வந்துருவாருன்னு காத்துக்கிட்டு இருந்தோம். அது தெரிஞ்ச பிறகும் அடுத்த வருஷம் நியூயார்க் போனாரு, பெரிய காண்ட்ராக்ட்.

அங்கதான் 2010 நவம்பர் 9, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல வாஷிங்டன் கூட மேட்ச், ஒரு கோல் போட்டாரு. 234 மேட்ச்சுக்கு அப்புறம் கோல்! அதுக்கு சரியா ஒரே மாசம் கழிச்சு, டிசம்பர் 9, ஆட்டவால மேட் கார்க்னர் கூட சண்டை. முகத்துல ஒரு குத்து, கீழ விழுந்தாரு, தலையிலயும் தோள்லயும் அடி. அதுதான் கடைசி. அப்புறம் ஐஸ்ல இறங்கவே இல்ல.

அதுக்கப்புறம் மன்ஹாட்டன்ல ஒரு அபார்ட்மென்ட்ல தனியா. வெளிச்சம் கண்ண கூசும், அதனால திரை எல்லாம் இழுத்து மூடி, வீட்டுக்குள்ளயே கூலிங் கிளாஸ். கொன்கஷன், அதாவது தலையில அடிபட்டு மூளை அதிர்ந்த ஆளு கூட்டத்துல நிக்க முடியாது, டீம் கூட பயணம் போக முடியாது, அடிபட்ட உடனே டீமுக்கு நீங்க இல்லாத மாதிரி ஆயிடுவீங்க. ராத்திரி பகல் போன்லதான் இருந்திருக்காரு, ஒரு மாச பில்லு மட்டுமே பக்கம் பக்கமா, அத்தனையும் மெசேஜ். அவங்க அப்பா ஜனவரில போய் பாத்தப்ப அந்த 120 கிலோ ஆளு அப்பா தோள்ல சாஞ்சு அழுதிருக்காரு. இத படிச்சப்ப நான் லேப்டாப்ப மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டேன்.

#10 பனிச்சறுக்கு

அண்ணா மூளைல ஏதோ கண்டுபிடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். பாக்ஸருங்களுக்கு வர்ற மாதிரி?

#11 மினசோட்டா மாறன்

சிடிஇ, தலையில திரும்பத் திரும்ப அடிபட்டா வர்ற மூளைச் சிதைவு நோய். குடும்பம் மூளைய பாஸ்டன் யுனிவர்சிட்டிக்குக் குடுத்தாங்க, ஆன் மெக்கீங்கிற டாக்டர்தான் பாத்தாங்க. மூளைய மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்புல பாத்தா டாவுங்கிற புரதம் படிஞ்ச இடமெல்லாம் பழுப்புப் பழுப்பா தெரியும். எழுபது எண்பது வயசு ஆளுக்கு அது இருந்தா ஒரு விஷயம், இவருக்கு 28. பாப் ப்ராபர்ட்னு டெட்ராய்ட்ல பெரிய என்ஃபோர்சர் இருந்தாரு, 2010 ஜூலைல 45 வயசுல இறந்தாரு, அவருக்கும் சிடிஇ இருந்துச்சு. ஆனா 45 வயசு ப்ராபர்ட்ட விட 28 வயசு பூகார்ட்டுக்கு அது அதிகமா முத்தியிருந்துச்சு. ஞாபக மறதி, திடீர்னு கோவம், திடீர்னு அழுகை, இதுல எது மாத்திரையால எது சிடிஇயாலன்னு பிரிச்சு சொல்லவே முடியாது.

அவரு செத்த அதே 2011 கோடைல ரிக் ரிப்பியன், வேட் பெலாக்னு இன்னும் ரெண்டு சண்டைக்காரங்க போயிட்டாங்க, பூகார்ட்டோட சேர்த்து மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் நாலே மாசத்துல மூணு பேரு. ரிப்பியனுக்கு பல வருஷமா டிப்ரெஷன். அப்ப ஊரே பேசுச்சு, அப்புறம் அக்டோபர்ல புது சீசன் ஆரம்பிச்சதும் எல்லாம் அடங்கிருச்சு.

#12 நேர்பட_பேசு

நானும் கொஞ்சம் தேடிப் படிச்சேன், நேர்மையா ரெண்டு பக்கமும் சொல்லிடுறேன். 2023ல ஜாமா நெட்வொர்க் ஓப்பன்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்திருக்கு. சண்டைக்காரங்க எண்ணிக்கைல மத்த ப்ளேயர்ஸ விட அதிகம் செத்துடல, அந்த வித்தியாசம் கிடைக்கல. ஆனா செத்தவங்க வயசு பாத்தா சராசரி 47.5, அதே காலத்துல ஆடுன மத்தவங்களுக்கு 57.5. பத்து வருஷம். போதை மருந்து, தற்கொலை, மூளை நோய்னு காரணங்களும் வேற. நான் காண்ட்ராக்ட் தொகைய வச்சுப் பேசுனது தப்பு, பத்து வருஷ ஆயுசுக்கு என்ன விலை போடுறது.

குடும்பம் 2013ல லீக் மேல கேஸ் போட்டதும் படிச்சேன். 2017ல தள்ளுபடி. ஆனா லீக் செஞ்சது சரின்னு ஜட்ஜ் சொல்லல, கேஸ் போட்ட விதத்துல சட்டப்படி இருந்த ஓட்டையால விழுந்திருக்கு, இந்தத் தீர்ப்ப லீக்குக்குக் குடுத்த பாராட்டா எடுத்துக்காதீங்கன்னு அவரே எழுதியிருக்காரு. அத படிச்சதும் மனசு இன்னும் கனத்துப் போச்சு.

#13 ஸ்காபரோ அப்பா

லீக் தலைவர் கேரி பெட்மன் 2019 மே மாசம் கனடா பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால வந்து இருந்து, ஹொக்கியில தலையில அடிபடுறதுக்கும் சிடிஇக்கும் நிரூபிச்ச தொடர்பு இல்லை எண்ட மாதிரித்தான் கதைச்சவர். பூகார்ட் செத்து எட்டு வருசம் கழிச்சு. நான் அதை ரிவியில பாத்துக்கொண்டு இருந்தனான், என்ர மகன் பக்கத்தில ஸ்கேற் துடைச்சுக்கொண்டு இருக்கிறான்.

ஒன்ராறியோவில இப்ப ரோவன்ஸ் லோ எண்டு ஒரு சட்டம். ரோவன் ஸ்ட்ரிங்கர் எண்ட 17 வயசுப் பிள்ளை றக்பி விளையாடி, தலையில ஒரு அடி ஆற முதல் அடுத்த அடி பட்டு 2013ல செத்துப்போச்சுது, அந்தப் பிள்ளையின்ர பேரில. ஒவ்வொரு வருசமும் சீசன் தொடங்க முதல் கொன்கஷன் பற்றி வாசிச்சம் எண்டு பிள்ளையும் நாங்களும் உறுதிப்படுத்த வேணும். முதல் வருசம் நானும் மற்ற அப்பாமாரைப் போல கீழ வரைக்கும் இழுத்துப்போட்டு ரிக் பண்ணினனான்.

போன குளிர்காலம் ஒரு காலமை ஆறரை மணிப் பயிற்சி. மகன் ரிங்கைச் சுத்தி இருக்கிற போர்ட்டில போய் மோதி விழுந்தவன். எழும்பினவன், கையக் காட்டினவன், ஓகே எண்டு. பெஞ்சுக்கு வந்து இருந்தவன் அஞ்சு நிமிசம் கழிச்சு என்னைப் பாத்து, அப்பா இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டான். எனக்குக் கால் ரெண்டும் நடுங்கிப்போச்சுது. கோச் ஒரு இளம் பெடியன், ஒரு கதையும் இல்லாமல் ஹெல்மெட்டக் கழட்டச் சொல்லிப்போட்டு, இண்டைக்கு இவன் இனி ஐஸில இறங்க மாட்டான், டொக்டர் கடிதம் வந்தாப்பிறகு பாப்பம் எண்டான். அஞ்சு கிழமை வீட்டில இருந்தவன். என்னோட கதைக்கேல்ல, அவனுக்கு அவ்வளவு கோவம். பூகார்ட்டுக்கு பதினாறு வயசில இப்பிடி ஒருத்தன் பெஞ்சில நிண்டிருந்தா எண்டு நான் எத்தினை தரம் யோசிச்சிட்டன்.

#14 இரவுப்பணி

அண்ணா, அந்தக் கோச்சைக் கும்பிட வேணும். மகன் இப்ப எப்பிடி? தலையிடி, வெளிச்சம் கூசுறது ஒண்டும் இல்லையே?

#15 ஸ்காபரோ அப்பா

இப்ப நல்ல சுகம் தங்கச்சி. திரும்ப விளையாடுறான். இந்த வருசம் அந்த ஃபோமை ஒவ்வொரு வரியா நான் வாசிக்க அவனை இருத்திக் கேக்க வச்சனான்.

#16 மினசோட்டா மாறன்

ரொம்ப நிம்மதியா இருக்கு அண்ணே படிக்க.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. டாட் ஃபெடொரூக்னு ஒரு ப்ளேயர், 2006 அக்டோபர்ல பூகார்ட் குத்துன ஒரே குத்துல அவரோட கன்ன எலும்பு நொறுங்கிடுச்சு, உள்ள உலோகத் தகடு வச்சு கட்டுனாங்க. அந்தக் குத்துதான் பூகார்ட்ட எல்லாரும் பயப்படுற ஆளா ஆக்குச்சு. அடுத்த சீசன்ல அதே ஃபெடொரூக் வைல்ட் டீமுக்கு வந்து சேர்ந்தாரு, ரெண்டு பேரும் நண்பர்களாயிட்டாங்க. கன்னத்துல தகடு வச்சவனும் அத வைக்க வச்சவனும் ஒரே ரூம்ல உக்காந்து ஷூ கயிறு கட்டுறாங்க! ஒருத்தர் மேல ஒருத்தருக்குக் கோவமே இல்ல. அந்த வேலைல இருந்தவங்களுக்கு மட்டும்தான் அது புரியும்.

பூகார்ட் செத்ததுக்கு அப்புறம் அவரு கைப்பட எழுதி வச்ச பதினாறு பக்கம் அவங்க அப்பாக்குக் கிடைச்சுது. சின்ன வயசு, ஸ்கூல்ல பட்ட அவமானம், ஜூனியர் லீக்ல முதல் முதலா ஊரு கைதட்டுனது, இதெல்லாம். எழுத்துப்பிழையோட எழுதியிருப்பாரு. படிப்பு வராதவன்னு ஊரே சொன்ன பையன், தன் கதைய தானே எழுதணும்னு உக்காந்திருக்கான்.

#17 பனிச்சறுக்கு

அண்ணா நான் இப்ப யூடியூப்ல அவரு பேரு போட்டுத் தேடுனேன், முழுக்க சண்டைதான் வருது. ரெண்டு பாத்தேன், மூணாவது பாக்க முடியல, மூடிட்டேன். அந்தக் கோல் எங்கயாவது இருக்கா?

#18 மினசோட்டா மாறன்

இருக்கு தம்பி, சண்டைதான் வரிசையா முன்னாடி வரும், கொஞ்சம் கீழ போகணும். 2010 நவம்பர் 9, ரேஞ்சர்ஸ், வாஷிங்டன்னு போட்டுத் தேடு. அங்க அவரு நம்பர் 94. சின்ன வீடியோதான். கடைசி வரைக்கும் பாரு, கோல் விழுந்த பிறகு டீம்ல இருக்குறவங்க அவர வந்து கட்டிப்பிடிக்கிறத பாரு.